முதுகுக் கவசம் வாங்கும் முன்: பைக், சைக்கிள் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மண்பாதையில் பைக் ஓட்டப் புதிதாக வருபவர்கள் ஹெல்மெட்டைப் பற்றியும் பூட்ஸைப் பற்றியும் நன்றாக விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். முதுகுக் கவசம் என்று வந்தால் மட்டும், "எதையாவது ஒன்றைச் சொல்லுங்கண்ணா, வாங்கிடறேன்" என்கிறார்கள். எதையாவது ஒன்றை வாங்கினால் அது அலமாரியில்தான் கிடக்கும், அல்லது விழும் நேரத்தில் இடம் மாறி இருக்கும். இத்தனை வருடங்களில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

என் ரைடிங் ஜாக்கெட்டிலேயே முதுகில் ஒன்று வைத்துத் தந்திருக்கிறார்களே, அது போதாதா?

முதலில் அதை வெளியே எடுத்துப் பாருங்கள். ஜாக்கெட்டின் உள் துணியில், முதுகுப் பக்கம் ஒரு பை இருக்கும். வெல்க்ரோவைப் பிரித்து உள்ளே இருப்பதை உருவுங்கள். இரண்டு விரலால் அழுத்தினால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் மாதிரி அப்படியே ஒட்டிப்போகிறதா? மேலே ஒரு எழுத்துகூட அச்சிடப்படவில்லையா? அப்படியென்றால் அது கவசமே இல்லை. ஜாக்கெட் தொங்காமல் வடிவாக நிற்பதற்காக வைத்த பஞ்சு.

தோளுக்கும் முழங்கைக்கும் தரச்சான்று பெற்ற ஆர்மரை வைத்துவிட்டு, முதுகுக்கு வெறும் பஞ்சை வைத்து விற்பது இந்தத் தொழிலில் ரொம்ப நாளாக இருக்கும் வழக்கம். அட்டையில் "சிஇ ஆர்மர் உள்ளது" (சிஇ என்பது ஐரோப்பியத் தரமுத்திரை, ஆர்மர் என்றால் கவசம்) என்று எழுதியிருப்பது தோளையும் முழங்கையையும் பற்றியதாக இருக்கலாம். என் முதல் ஜாக்கெட்டில் இருந்ததும் பஞ்சுதான். இரண்டு வருடம் அதை நம்பி ஓட்டினேன். துவைப்பதற்காக உருவியபோதுதான் தெரிந்தது. அன்று வயிற்றில் ஏற்பட்ட கலக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

முதுகுக் கவசம் போட்டால் முதுகெலும்பு உடையாதா?

அப்படி யாராவது சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

இந்தக் கவசம் செய்யும் வேலை ஒன்றுதான்: முதுகின்மேல் நேராக விழும் அடியைத் தாங்குவது. கல், மரத்தின் வேர், பைக்கின் ஹேண்டில்பார், சாலை ஓரக் கல்லின் விளிம்பு இவற்றில் மோதும்போது அந்த அடியைப் பரந்த இடத்தில் பரப்பும். அடி இறங்கும் நேரத்தையும் கொஞ்சம் நீட்டும். அதனால் ஒரே புள்ளியில் இறங்க வேண்டிய விசை குறைகிறது. விலா எலும்பு, தோள்பட்டை எலும்பு, முள்ளெலும்பின் பின்பக்க முனைகள், சதை, தோல் எல்லாவற்றுக்கும் இது பெரிய உதவி.

ஆனால் தண்டுவடத்தைப் பாதிக்கும் கடுமையான காயங்களில் பெரும்பாலானவை நேரடி அடியால் வருவதில்லை. தலைகீழாக விழுந்து உடல் எடை முழுவதும் கழுத்தில் இறங்குவது, உட்கார்ந்த நிலையில் தொப்பென்று விழுந்து முள்ளெலும்பு நசுங்குவது, உடல் ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமும் முறுக்குவது, இவைதான் முக்கியக் காரணங்கள். முதுகில் கட்டிய ஒரு தகடு இவற்றை அவ்வளவாகத் தடுக்காது. தெரிந்துகொண்டு போட வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கவசம் இருக்கிறது என்ற தைரியத்தில் பத்து கிலோமீட்டர் வேகம் கூட்டினால், கவசத்தால் கிடைத்த லாபம் அங்கேயே போய்விடும்.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

"சிஇ" என்ற இரண்டு எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அதை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். பார்க்க வேண்டியது "இஎன் 1621-2" என்ற எண். முதுகுக் கவசத்துக்கான ஐரோப்பியத் தரம் அது. கடைசியில் இருக்கும் 2 முக்கியம். 1621-1 என்றால் தோள், முழங்கை, இடுப்பு, முழங்காலுக்கானது. 1621-3 என்றால் மார்புக்கு. 1621-4 என்றால் ஏர்பேக், அதாவது விழும்போது காற்றுப்பை மாதிரி உப்பும் வகை. கடைக்காரர் 1621-1 என்று அச்சிட்ட பட்டையைக் காட்டி "இதுவும் அதேதான் சார்" என்றால், இரண்டும் ஒன்றல்ல.

எண்ணுக்குப் பக்கத்தில் பைக் ஓட்டும் ஆளின் சின்னப் படமும், முதுகைக் குறிக்கும் ஆங்கில எழுத்தான பி-யும் இருக்கும். அதன்பின் 1 அல்லது 2 என்று நிலை, அதாவது லெவல். அடுத்து எஃப்பி, சிபி, எல்பி இவற்றில் ஒன்று. எஃப்பி என்றால் முழு முதுகு, தோள்பட்டைப் பகுதியையும் சேர்த்து மூடும். சிபி என்றால் நடு முதுகு மட்டும். எல்பி கீழ் முதுகுக்கு. இவற்றோடு சென்டிமீட்டரில் ஓர் அளவும் இருக்கும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கீழே சொல்கிறேன்.

டி+ என்று போட்டிருந்தால் 40 டிகிரி வெப்பத்தில் வைத்தும் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். டி- என்றால் மைனஸ் 10 டிகிரியில். இவை இரண்டும் கட்டாயச் சோதனைகள் அல்ல. ஆனால் சித்திரை வெயிலில் ஓட்டுகிறவர்கள் டி+ இருக்கிறதா என்று தேடிப் பார்த்து வாங்குவது நல்லது. காரணம் வெயில் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

லெவல் 1, லெவல் 2 இரண்டுக்கும் உண்மையில் எவ்வளவு வித்தியாசம்?

இரட்டிப்பு வித்தியாசம். சோதனைக்கூடத்தில் 5 கிலோ எடையைக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கவசத்தின் மேல் விழவிடுகிறார்கள். அடியின் ஆற்றல் 50 ஜூல். கவசத்தைத் தாண்டிக் கீழே எவ்வளவு விசை இறங்குகிறது என்று அளக்கிறார்கள். லெவல் 1-இல் அது சராசரியாக 18 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. எந்த ஒரு அடியிலும் 24-க்கு மேல் போகக் கூடாது. லெவல் 2-இல் சராசரி 9, தனி அடிக்கு 12.

கிலோநியூட்டன் என்றால் கைக்குப் பிடிபடாது. 9 கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 900 கிலோ எடை ஒரு கண நேரம் அழுத்துவதற்குச் சமம். 18 என்றால் 1,800 கிலோ. இதை மனதில் வைத்துப் பார்த்தால் லெவல் 2-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணில்லை என்று புரியும்.

முதுகுக்கு நான் எப்போதும் லெவல் 2 என்றுதான் சொல்வேன். ஒரே ஒரு விலக்கு உண்டு. லெவல் 2 கனமாக இருக்கிறது, வேர்க்கிறது என்று பாதி நாள் வீட்டில் வைத்துவிட்டுப் போகிற ஆளாக இருந்தால், தினமும் போடக்கூடிய லெவல் 1 அவருக்கு மேல்.

என் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு எல் சைஸ் சட்டை.

சட்டை சைஸை மறந்துவிடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

முதுகுக் கவசத்தின் அளவு உங்கள் இடுப்பிலிருந்து தோள் வரை உள்ள நீளம். உயரமோ எடையோ அல்ல. ஆறடி ஆளுக்கு முதுகு குட்டையாகவும் கால் நீளமாகவும் இருக்கலாம். ஐந்தரை அடி ஆளுக்கு நேர்மாறாக இருக்கலாம். தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் ஒன்று வேண்டும், கூட ஓர் ஆளும் வேண்டும். தனியாக அளந்தால் தப்பாகத்தான் வரும். பனியனோடு நிமிர்ந்து நில்லுங்கள். இடுப்பின் இரு பக்கமும் கையை வைத்து எலும்பின் மேல் விளிம்பைத் தடவிக் கண்டுபிடியுங்கள். அந்த மட்டத்தில் ஒரு நாடாவைச் சுற்றிக் கட்டுங்கள். அந்த நாடாவிலிருந்து, கழுத்தும் தோளும் சேரும் இடம் வரை, முதுகின் வளைவோடு டேப்பைப் படியவிட்டு அளக்கச் சொல்லுங்கள். 45 சென்டிமீட்டர் வருகிறது என்று வையுங்கள். லேபிளில் 42-47 என்று இருப்பது உங்களுக்கானது.

என் வீட்டில் அம்மாதான் எனக்கு அளந்தார். பிளவுஸ் தைக்கிறவர் என்பதால் டேப் துளிகூட நகரவில்லை. அதுவரை நான் இரண்டு சென்டிமீட்டர் கூட்டிச் சொல்லி வாங்கியிருந்த கவசம், உட்கார்ந்தால் ஏன் ஹெல்மெட்டின் பின்பக்கத்தை இடித்துக்கொண்டிருந்தது என்று அன்றுதான் புரிந்தது.

அளவு சரியாக வந்தாலும் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். கடைக்கு ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் எடுத்துப் போங்கள். கவசத்தைக் கட்டி, மேலே ஜாக்கெட் போட்டு, நீங்கள் எப்படி ஓட்டுவீர்களோ அப்படி உட்காருங்கள். பந்தய டிராக் என்றால் டேங்கின் மேல் குனியுங்கள். மண்பாதை என்றால் நின்றபடி முழங்காலை மடக்கி நில்லுங்கள். அப்புறம் தலையைப் பின்னால் சாய்த்து மேலே பாருங்கள். ஹெல்மெட் கவசத்தைத் தொடக் கூடாது. கவசத்தின் கீழ் முனை சீட்டில் முட்டி மேலே தள்ளக் கூடாது. கடைசியாக, கூட வந்தவரை விட்டுக் கவசத்தைப் பக்கவாட்டில் இழுத்துத் தள்ளச் சொல்லுங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் நகர்ந்தால், தரையில் உருளும்போது அது முதுகில் இருக்காது, விலாவுக்குப் போய்விடும். லெவல் 2 என்ற முத்திரை அப்போது எந்த உதவியும் செய்யாது.

ஜாக்கெட்டுக்குள் செருகுவது நல்லதா, தனியாகக் கட்டிக்கொள்வது நல்லதா?

தினமும் ஆபீஸ் போய் வர, ஊர் ஊராகப் பயணம் போக, செருகுவது போதும். ஜாக்கெட்டைப் போட்டாலே கவசமும் வந்துவிடும், மறக்க வழியில்லை. ஆனால் இரண்டு நிபந்தனை: ஜாக்கெட் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், அந்தப் பையின் அளவுக்குப் பொருந்தும் கவசமாக இருக்க வேண்டும். தொளதொள என்ற ஜாக்கெட்டில் எவ்வளவு நல்ல கவசத்தை வைத்தாலும் அது தன் இஷ்டத்துக்கு ஆடும்.

டிராக், மோட்டோகிராஸ் என்ற மண்பாதைப் பந்தயம், மலைச்சரிவில் சைக்கிள் ஓட்டம் என்று போகிறவர்களுக்கு இடுப்புப் பட்டையும் தோள்வாரும் உள்ள தனிக் கவசம், அல்லது உடம்போடு ஒட்டும் வெஸ்ட் வேண்டும். செருகும் வகையில் பலவும் நடு முதுகோடு நின்றுவிடும். தனியாகக் கட்டுவது வால் எலும்பு அருகே வரைக்கும் வரும். தனிக் கவசம் போடும் நாளில் ஜாக்கெட்டின் உள்ளே இருப்பதை உருவிவிடுங்கள். இரண்டு இருந்தால் இரட்டிப்புப் பாதுகாப்பு கிடைக்காது. ஒன்றை ஒன்று தள்ளி இரண்டும் இடம் மாறும்.

கெட்டித் தகடா, மெத்தென்ற வகையா?

1970களின் கடைசியில் இத்தாலியின் டைனீஸ் நிறுவனம் பந்தய வீரர் பாரி ஷீனுக்காகச் செய்த முதுகுக் கவசம் சிங்கி இறாலின் ஓடு மாதிரி இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகள். முன்பக்கம் குனியலாம், பின்பக்கம் அளவுக்கு மேல் வளையாது. இன்றும் கெட்டித் தகடு வகைகள் பல அந்த யோசனையில்தான் வருகின்றன. கூரான கல்லையும் உடைந்த லீவர் முனையையும் இவை நன்றாகத் தடுக்கும். தார்ச்சாலையில் சறுக்கும்போது எதிலும் சிக்காமல் வழுக்கிப் போகும்.

மெத்தென்ற வகை என்றால் டி3ஓ, சாஸ்-டெக் போன்ற பொருள்கள். கையில் பிசைந்தால் மாவு மாதிரி வளையும். வேகமாக அடி விழுந்தால் அந்தக் கணத்தில் இறுகும். சோளமாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, ஒருமுறை விரலை மெதுவாக விட்டும் ஒருமுறை ஓங்கிக் குத்தியும் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். உடம்பின் சூட்டில் இளகி முதுகோடு படிந்துகொள்வதால் போட்டிருப்பதே தெரியாது.

கல் நிறைந்த மண்பாதைக்கு நான் கெட்டித் தகடு போடுகிறேன், நீண்ட பயணத்துக்கு மெத்தென்ற வகை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மலைப்பாதையில், வறண்ட ஓடையைக் கடக்கும்போது முன்சக்கரம் வழுக்கி மல்லாக்க விழுந்தேன். முதுகுக்கு அடியில் தேங்காய் அளவு கல். எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, நடுத்தகட்டின் ஓரத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. உள்ளே இருந்த பஞ்சு அந்த இடத்தில் மட்டும் அமுங்கி, மறுபடி எழும்பவே இல்லை. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது, அவ்வளவுதான். அந்தத் தகட்டை இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாக வருபவர்களுக்குக் காட்ட.

நம் ஊர் வெயிலில் இதை எப்படிப் போடுவது?

கஷ்டம்தான், மறுக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஏப்ரல் மாதப் பகல் ஒன்றைக் கழித்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். நடுவில் ஓட்டை ஓட்டையாக, தேன்கூடு மாதிரி காற்றோட்டம் விட்டுச் செய்த கவசங்கள் இருக்கின்றன. வலை ஜாக்கெட்டோடு சேர்த்துப் போட்டால் ஓடும்போது காற்று முதுகு வரை வரும். அடியில் பருத்தி பனியன் வேண்டாம், அது வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். சீக்கிரம் உலரும் மெல்லிய விளையாட்டு பனியன் போடுங்கள்.

மெத்தென்ற பொருள்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு. சூடு ஏற ஏற அவை இளகும், குளிரில் இறுகும். இளகிய நிலையில் அடியைத் தாங்கும் திறன் குறையலாம். டி+ முத்திரையைத் தேடச் சொன்னது இதற்காகத்தான். மூடிய காரின் டிக்கியில் வெயிலில் மணிக்கணக்காக வைத்துவிட்டு எடுத்து மாட்டாதீர்கள்.

மோட்டோகிராஸ் ஆட்கள் போடும் பிளாஸ்டிக் மார்புக் கவசத்தில் முதுகுப் பக்கமும் இருக்கிறதே?

பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும். அவற்றில் பலவும் முன்னால் போகும் பைக்கின் சக்கரம் வாரி இறைக்கும் கல்லைத் தடுப்பதற்கானவை. அதற்குத் தரமே வேறு, இஎன் 14021. கல் தெறிப்பதற்கும் கல்லின்மேல் விழுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. முதுகுப் பக்கத்தில் 1621-2 தனியாக அச்சிட்டிருந்தால் மட்டும் அதை முதுகுக் கவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுத்துக் கவசமும் போடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். கழுத்துக் கவசத்தின் பின்கால், முதுகுக் கவசத்தின் மேல் ஏறி உட்கார்ந்தால் இரண்டுமே ஒழுங்காக வேலை செய்யாது. அந்தக் காலுக்கென்று இடம் விட்டுச் செய்த வெஸ்ட்கள் கிடைக்கின்றன.

காசு இருக்கிறது. நேராக ஏர்பேக் வெஸ்ட் வாங்கிவிடலாமா?

வாங்கலாம். மோட்டோஜிபி என்ற உலக பைக் பந்தயத்தில் 2018 முதல் ஏர்பேக் கட்டாயம். இஎன் 1621-4 தரத்தில் அனுமதிக்கும் விசை லெவல் 1-க்கு 4.5 கிலோநியூட்டன், லெவல் 2-க்கு 2.5. மேலே சொன்ன 18-ஐயும் 9-ஐயும் இதோடு வைத்துப் பாருங்கள்.

ஆனால் அது உப்பினால்தான் இந்தக் கணக்கெல்லாம். கயிறு வகையைப் பைக்கோடு கொக்கி மாட்ட மறந்தால் உப்பாது. மின்னணு வகைக்குச் சார்ஜ் இருக்க வேண்டும். சாலைக்கென்று செய்த மின்னணு ஏர்பேக்கை மண்பாதைக்குக் கொண்டுபோனால், குதிப்பையும் குலுங்கலையும் விபத்து என்று நினைத்து உப்பிவிடலாம். மண்பாதைக்கென்று தனியாகச் சொல்லி விற்பதைத்தான் வாங்க வேண்டும். அதை உப்பவைக்கும் வாயுக் குப்பி நம் ஊரில் கிடைக்கிறதா என்பதையும் முன்னாலேயே விசாரியுங்கள். எது வாங்கினாலும், அதன் அடியில் ஒரு சாதாரணக் கவசமும் இருக்கட்டும்.

முதுகில் பை மாட்டி ஓட்டலாமா?

தண்ணீர்ப் பை என்றால் பரவாயில்லை. ஸ்பானர் செட், பூட்டு, ஏர் பம்ப், ஸ்டீல் பாட்டில் இவற்றை முதுகெலும்புக்கு நேராக வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி விழுந்தபோது தரையால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதுகுப் பையில் இருந்த டூல் ரோல்தான் இடுப்புக்கு மேலே குத்தி மூன்று வாரம் படுக்க வைத்தது. கருவிகளை இடுப்புப் பையில் பக்கவாட்டிலும் போடாமல், பைக்கிலேயே கட்டிவிடுங்கள்.

ஒரே கவசத்தைப் பனிச்சறுக்குக்கும் குதிரையேற்றத்துக்கும் போடலாமா?

பனிச்சறுக்குக்குப் போடலாம். அங்கே விற்கும் கவசங்களிலும் பல இதே 1621-2 சான்றோடுதான் வருகின்றன. குல்மார்க், ஆலி பக்கம் போகிறவர்கள் டி- முத்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். குதிரைக்கு வேண்டாம், அதற்கு இஎன் 13158 என்ற தனித் தரம் இருக்கிறது. உடம்பைச் சுற்றி மூடும் வேறு அமைப்பு அது.

பிள்ளைக்கு வாங்குகிறேன். வளரும் வயது, ஒரு சைஸ் பெரிதாக எடுக்கலாமா?

பள்ளிச் சீருடையைப் பெரிதாக எடுக்கலாம், இதை எடுக்கக் கூடாது. பெரிய கவசம் பிள்ளையின் ஹெல்மெட்டை முன்னால் தள்ளும், விழும்போது கழுத்தில் நெம்பும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். சிறியதாகிப்போனதை, அடிபடாததாக இருந்தால், அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

எத்தனை வருடம் உழைக்கும்? செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தயாரிப்பாளர் பலரும் ஐந்து வருடம் என்று சொல்கிறார்கள். அதோடு வரும் சிறு புத்தகத்தில் இருக்கும், தூக்கிப் போடாதீர்கள். பலமான அடி ஒன்று வாங்கியிருந்தால் ஐந்து வருடக் கணக்கு செல்லாது. வெடிப்பு, அமுங்கிய பள்ளம், ஓரத்தில் பொடிப்பொடியாக உதிர்வது, தொட்டால் விறைப்பாக இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் மாற்றுங்கள். செகண்ட் ஹேண்டில், நன்றாகத் தெரிந்தவரிடம் தவிர, வாங்காதீர்கள். உள்ளே அமுங்கியது வெளியே தெரியாது.

துவைப்பது எப்படி?

தகட்டை உருவிவிட்டு, துணியை மட்டும் மிதமான சோப்பில் கையால் அலசுங்கள். தகட்டை ஈரத் துணியால் துடைத்தால் போதும். நிழலில் உலர்த்துங்கள். வாஷிங் மெஷின், பெட்ரோல், தின்னர் எதுவும் கிட்டே வரக் கூடாது.

கூட வந்தவர் விழுந்துவிட்டார், முதுகு வலிக்கிறது என்கிறார். கவசத்தைக் கழற்றலாமா?

கழற்றாதீர்கள். எழுந்து உட்காரவும் விடாதீர்கள். கை கால் மரத்துப்போகிறது, அசைக்க முடியவில்லை என்று சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். வாந்தி, மூச்சுத் திணறல், நெருப்பு, வரும் வண்டிகள் என்று வேறு ஆபத்து இல்லாதவரை விழுந்த இடத்திலேயே இருக்கட்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு கையாலும் தலை ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவர் பின்னால் வரும் பைக்குகளை நிறுத்திவிட்டு 108-க்குக் கூப்பிடட்டும்.

ஆம்புலன்ஸ் வந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, ஜாக்கெட்டுக்குள் கெட்டித் தகடு கட்டியிருக்கிறார் என்பது. வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைக்கும்போது அவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். வார்கள் எல்லாம் முன்பக்கம்தான் இருக்கும், தேவைப்பட்டால் கத்தரித்துவிடுவார்கள். விலை அதிகம் என்று தடுக்காதீர்கள்.